வங்கக்கடல் பேர் வாங்கிய சென்னைக் காலரா

காலராவைப் பற்றிய எந்த மருத்துவப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரு வரி கண்டிப்பாக இருக்கும்: கொள்ளைநோயாகப் பரவும் காலராக் கிருமிகள் இரண்டு வகை, ஒன்று ஓ1, மற்றது ஓ139. இரண்டாவதுக்கு ‘பெங்கால்’ என்று இன்னொரு பேரும் உண்டு. பேரைப் பார்த்தால் கல்கத்தாவிலோ டாக்காவிலோ கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அது முதலில் கண்ணில் பட்டது நம்ம ஊரில். 1992 அக்டோபர். அப்போது ஊர் பேர் மெட்ராஸ்.

நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் ஆள். வீடு காசிமேடு பக்கம். வடசென்னையின் நோய் வரலாறு பற்றிக் கிடைப்பதைப் படித்துக் குறிப்பு எடுத்து வைப்பது பல வருஷப் பழக்கம். அந்தக் குறிப்புகளில் நான் அடிக்கடி திரும்பிப் போவது இந்த 1992 கதைக்குத்தான். காரணம் இரண்டு. காலராவைக் கண்டுபிடிக்கவென்றே இருந்த பரிசோதனை, காலராவைப் பார்த்து “இது காலரா இல்லை” என்று சொன்னது. அதே கிருமி, பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கும் சக்தியை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தது. அந்த மூட்டைக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது.

திரியுமா, திரியாதா?

முதலில் அந்தப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வாந்திபேதியோடு ஒருத்தர் வருகிறார். போவது அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது. காலரா முற்றினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும் உடம்பிலிருந்து தண்ணி போகும். விட்டுவிட்டால் பாதிப் பேர் வரை செத்துப் போகக்கூடிய நோய். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியைச் சரியான அளவில் ஏற்றினால், நூற்றில் ஒருவர்கூடச் சாக வேண்டியதில்லை. அதனால் சிகிச்சை சோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் ஊருக்குள் காலரா பரவுகிறதா, எந்தக் குழாயை மூடணும், எந்த மருந்து கேட்கும் என்று தெரிய வேண்டுமானால் பரிசோதனை வேண்டும்.

மலத்தை எடுத்து அதற்கென்று உள்ள கல்ச்சர் தட்டில் தடவி ஒரு நாள் வைத்தால், காலராக் கிருமி மஞ்சள் புள்ளிகளாக வளரும். அந்தப் புள்ளியில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு எதிர்சீரம் விடுவார்கள். முயலுக்குச் செத்த காலராக் கிருமியை ஊசி மூலம் போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் இந்தச் சீரம். கிருமியும் சீரமும் பொருந்தினால் திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியாகும். பொருந்தாவிட்டால் அப்படியே கலங்கலாக நிற்கும். 1896ல் குரூபர், டர்ஹாம் என்ற இருவர் வியன்னாவில் கண்டுபிடித்த சங்கதி இது. நூறு வருஷம் கிட்டத்தட்ட மாறாமல் ஓடியது.

சீரம் உண்மையில் பார்ப்பது கிருமியின் வெளிச்சட்டையைத்தான். அந்தச் சட்டையில் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன நீளச் சங்கிலிகள் இருக்கும். இனத்துக்கு இனம் சங்கிலியின் வடிவம் மாறும். 1935ல் கார்ட்னர், கே.வி. வெங்கட்ராமன் என்ற இருவர் இந்தச் சட்டைகளை வரிசைப்படுத்தினார்கள். கொள்ளைநோய் உண்டாக்கும் காலரா எல்லாம் முதல் வகைச் சட்டை, அதாவது ஓ1. அதே குடும்பத்தில் வேறு சட்டை போட்டவையும் இருக்கின்றன. அவை எப்போதாவது ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கும், ஆனால் ஊரைச் சுற்றாது.

இந்த வெங்கட்ராமன் இன்னொரு காரியமும் செய்தார். ராமகிருஷ்ணன் என்பவரோடு சேர்ந்து, மல மாதிரியைத் தூரத்து லேபுக்குக் கெடாமல் அனுப்ப ஒரு திரவம் தயாரித்தார். ‘வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் திரவம்’ என்று பேர். இணையத்தில் தேடினால் ரைபோசோமுக்கு நோபல் வாங்கியவர் வந்து நிற்பார். அவர் வேறு, இவர்கள் இரண்டு பேர் வேறு. அந்தத் திரவத்தில் முக்கியச் சரக்கு சுத்திகரிக்காத கடல் உப்பு. காலராக் கிருமிக்கு உவர்ப்புத் தண்ணி சொந்த ஊர் மாதிரி.

எங்கள் தொழிலில் பழைய வைரஸ் ஸ்கேனர் இப்படித்தான் வேலை செய்யும். தெரிந்த வைரஸின் அடையாளத்தைப் பட்டியலில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இருந்தால் பிடிக்கும். இல்லாவிட்டால் விட்டுவிடும், விட்டதுகூட அதற்குத் தெரியாது.

1905ல் ஒரு தடவை

‘இது காலரா இல்லை’ என்று சொல்லி ஏமாந்த கதை முன்னாடியே ஒன்று உண்டு. 1905ல் சினாய் பகுதியில் எல் டோர் என்ற இடத்தில், ஹஜ் பயணிகளைத் தனிமைப்படுத்தும் முகாம் இருந்தது. அங்கே இறந்த பயணிகளின் குடலில் கோட்ஸ்லிக் என்ற மருத்துவர் ஒரு கிருமியை எடுத்தார். காலராச் சீரத்தில் அது திரிந்தது. ஆனால் அந்தப் பயணிகளுக்குக் காலரா அறிகுறி இருந்ததில்லை. ஆக இது நிஜக் காலரா இல்லை, ஒதுக்கு என்று ஆகிப்போனது. 1930களில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் அதுவே ஆளைக் கொன்றபோதும் ‘பாரா காலரா’ என்று தனிப் பேர் கொடுத்தார்கள்.

1961ல் அதே சுலவேசியிலிருந்து எல் டோர் கிளம்பியது. ஏழாவது உலகக் காலரா என்று சொல்வது இதைத்தான். 1962ல் உலக சுகாதார சபை, எல் டோரும் காலராதான் என்று தீர்மானித்தது. 1964ல் அது இந்தியாவுக்குள் வந்துவிட்டது. அந்த ஏழாவது அலை இன்னும் ஓயவில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

1992: எந்தச் சீரத்திலும் திரியாத ஒன்று

வடசென்னைக்காரர்களுக்குக் காலரா புத்தகத்து விஷயம் இல்லை. யாருக்காவது வாந்திபேதி நிற்கவில்லை என்றால் தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. அடி பம்பு, லாரித் தண்ணி, சாக்கடைக் கால்வாயை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாய் என்று காலராவுக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருந்தது.

1992 அக்டோபரில் சென்னையில் காலரா மாதிரியே நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். அதே அரிசித் தண்ணி, அதே வேகம். தட்டில் அதே மஞ்சள் புள்ளிகள். ஆனால் ஓ1 சீரம் விட்டால் திரியவில்லை. மதுரையிலும் வேலூரிலும் இதே கதை. நவம்பரில் கல்கத்தா. டிசம்பரில் வங்கதேசத்தின் தெற்குக் கரை, 1993 தொடக்கத்தில் டாக்கா.

இந்த இடத்தில் ஒரு லேபுக்கு இரண்டு வழி இருந்தது. பழைய விதிப்படி ‘ஓ1 அல்லாதது’ என்று எழுதி ஃபைலை மூடலாம். விதியும் அதைத்தான் சொன்னது. அல்லது, இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் வருகிற ஒன்று எப்படி ‘ஊரைச் சுற்றாத’ வகையாக இருக்க முடியும் என்று கேட்கலாம். நல்ல வேளை, சிலர் இரண்டாவது வழியில் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேரி ஜேசுதாசனும் ஜேக்கப் ஜானும், ஓ1 குறைந்து அந்த இடத்தை ஓ1 அல்லாதது பிடித்துவிட்டது என்று லான்செட்டுக்கு எழுதினார்கள். கல்கத்தாவில் தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. ராமமூர்த்தி, பாலகிருஷ்ண நாயர் குழு, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் புதிதாக ஒரு கொள்ளைநோய்க் கிருமி வந்திருக்கிறது என்று அதே பத்திரிகையில் 1993ல் எழுதியது. டாக்காவில் ஜான் ஆல்பர்ட் குழு அங்கே கண்டதை எழுதியது.

அதுவரை அறியப்பட்டிருந்த சட்டை வகைகள் மொத்தம் 138. டோக்கியோவில் ஷிமாடா என்பவரின் குழு அந்த 138 சீரங்களையும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தது. ஒன்றிலும் திரியவில்லை. எனவே 139வது இடம் கொடுத்தார்கள்.

வியாதி யாரைப் பிடித்தது என்பதும் ஒரு துப்பு. காலரா வழக்கமாகப் புழங்கும் ஊரில் அதிகம் அவதிப்படுவது குழந்தைகள். பெரியவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழக்கமாகி ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். 1992-93ல் பெரியவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சட்டை மாறியதும் உடம்பின் நினைவுக்கும் அது புது ஆளாகிவிட்டது. லேபு சீரம் ஏமாந்ததும் உடம்பு ஏமாந்ததும் ஒரே காரணத்தால்தான்.

வங்கதேசத்தில் மட்டும் 1993ன் முதல் சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் நோயாளிகள், ஆயிரத்துக்கு மேல் சாவு. அடுத்து நேபாளம், தாய்லாந்து, மலேசியா, சீனா, பாகிஸ்தான். எட்டாவது உலகக் காலரா தொடங்கிவிட்டது என்று அப்போது பலர் நம்பினார்கள்.

சட்டை மட்டும்தான் புதுசு

பிறகு மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: உள்ளே இருந்தது பழைய எல் டோர்தான். விஷம் தயாரிக்கும் மரபணு, குடலில் ஒட்டும் மரபணு, எல்லாம் அப்படியே. சர்க்கரைச் சங்கிலி செய்யும் மரபணுத் துண்டு மட்டும் வெட்டி எறியப்பட்டு, வேறொரு கிருமியிடம் வாங்கிய பெரிய துண்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. கூடவே மேலே ஒரு உறையும் போட்டுக்கொண்டிருந்தது. புரோகிராம் அதே, முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றி வெளியிட்ட மாதிரி.

பேர் விஷயத்துக்கு வருவோம். ‘பெங்கால்’ என்பது வங்காள மாநிலம் இல்லை. வங்காள விரிகுடாக் கரையில் முதலில் கிடைத்ததால் அந்தப் பேர் என்று பேர் வைத்தவர்களே விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். சென்னை, கல்கத்தா, வங்கதேசக் கரை மூன்றையும் சேர்த்துக் கட்டும் ஒரே சொல் அந்தக் கடல்தான். காசிமேட்டில் படகு கிளம்புகிற அதே கடல். பேர் நியாயமானதுதான். ஆனால் விரிகுடா என்ற சொல் உதிர்ந்து ‘பெங்கால்’ மட்டும் நின்றதில், சென்னை கதையிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

முழுசாக நழுவவில்லை. 1992ல் சென்னை நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமி ஒன்று எம்.ஓ.10 என்ற எண்ணோடு ஹார்வர்டுக்குப் போனது. அங்கே மேத்யூ வால்டார், ஜான் மெக்கலானஸ் என்பவர்கள் அதில் பல வருஷம் வேலை பார்த்தார்கள். ஓ139க்குச் சோதனை முறையில் செய்த ஒரு தடுப்பு மருந்தே எம்.ஓ.10ஐ வலுவிழக்கச் செய்து தயாரித்ததுதான். அதற்கு வைத்த பேர்? ‘பெங்கால்-15’.

மூட்டையாக வந்த எதிர்ப்பு

எம்.ஓ.10 சொன்ன பெரிய சேதி ஆன்டிபயாடிக் பற்றியது.

லேபு ரிப்போர்ட்டில் ‘கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி’ என்று பார்த்திருப்பீர்கள். கிருமி வளரும் தட்டில் மருந்து நனைத்த சின்னச் சின்ன வட்டத் தாள்களை வைப்பார்கள். மருந்து கேட்டால் தாளைச் சுற்றி வெறும் வட்டம் விழும். கேட்காவிட்டால் தாள் ஓரம் வரை கிருமி வளர்ந்து நிற்கும். 1992ன் ஓ139ஐ இப்படிப் பார்த்தபோது கோட்ரைமாக்சசோல் கேட்கவில்லை, ஸ்ட்ரெப்டோமைசின் கேட்கவில்லை. டெட்ராசைக்ளின் கேட்டது. கோட்ரைமாக்சசோல் என்பது சல்பாமெதாக்சசோல், டிரைமெத்தோப்ரிம் என்ற இரண்டு மருந்தின் கூட்டு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்பதால் அப்போது வயிற்றுப்போக்குக்குக் கை போகிற முதல் மருந்துகளில் ஒன்று.

1996ல் வால்டார் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. இந்த எதிர்ப்புகள் தனித்தனியாக உருவானவை இல்லை. சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு, எல்லா எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து, கிருமியின் குரோமோசோமில் செருகிக்கொண்டு இருந்தது. குளோராம்பெனிகாலுக்கான எதிர்ப்பும் அதில் உண்டு. வேண்டும்போது அது தன்னைத் தானே வெட்டிக்கொண்டு, பக்கத்துக் கிருமிக்குள் தாவி, அங்கே போய்ச் செருகிக்கொள்ளும். பக்கத்துக் கிருமி காலராவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; நம் குடலில் சும்மா குடியிருக்கும் ஈ. கோலைக்கும் தாவும். முதலில் எதிர்த்த மருந்துகளின் பேரை வைத்து இதை எஸ்.எக்ஸ்.டி. என்று அழைத்தார்கள். பிற்பாடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த துண்டுகள் இந்தியாவின் ஓ1 எல் டோரிலும், ஆசியா ஆப்பிரிக்காவின் பல காலராக்களிலும், 2010ல் ஹைத்தியில் பரவிய காலராவிலும் கிடைத்தன. குடும்பத்துக்கே பேர் கொடுத்த முதல் மாதிரி சென்னைக் கிருமி.

2004ல் அதே வால்டார் குழு நேச்சர் பத்திரிகையில் எழுதியதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எஸ்.எக்ஸ்.டி. சாதாரணமாகக் கட்டுக்குள் கிடக்கும். கிருமியின் டி.என்.ஏ.வுக்கு அடி விழுந்து அபாய மணி அடித்தால் கட்டு அவிழ்ந்துவிடும். தாவுவது பல மடங்கு கூடும். அந்த மணியை அடிக்கக்கூடிய பொருள்களில் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின், அதாவது நம் மெடிக்கல் ஷாப் ‘சிப்ரோ’. லேபில் செய்த சோதனை இது, உண்மைதான். ஆனால் பொருள் தெளிவாக இருக்கிறது. ஒரு ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் கொடுத்தால், வேறு ஆன்டிபயாடிக்குகளுக்கான எதிர்ப்பை ஊருக்குள் பங்கு போட அது உதவி செய்யலாம்.

எட்டாவது அலை ஏன் வரவில்லை?

ஓ139 ஜெயிக்கவில்லை. 1994லேயே கல்கத்தாவில் எல் டோர் மறுபடி மேலே வந்தது. 1996ல் ஓ139 திரும்பத் தலைகாட்டியபோது ஒரு வித்தியாசம்: கோட்ரைமாக்சசோல் இப்போது கேட்டது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, 2000களின் நடுவில் இந்தியாவில் கிட்டத்தட்டக் காணாமல் போனது.

2022ல் ஒரு ஆய்வு, 300க்கும் மேற்பட்ட ஓ139 கிருமிகளின் முழு மரபணுவையும் வரிசையாக வைத்துப் பார்த்தது. முதல் பேர் டி. ராமமூர்த்தி, 1993ல் லான்செட்டுக்கு எழுதிய அதே ஆள். கூட வேலூர் சி.எம்.சி.க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் காட்டியது இரண்டு மாற்றங்கள். காலப்போக்கில் ஓ139 தன் ஆன்டிபயாடிக் எதிர்ப்பை இழந்தது. அதன் விஷத்தின் வகையும் மாறியது. இந்த இரண்டும் அதன் தேய்வுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அதே காலத்தில் எல் டோர் எதிர்ப்பு மூட்டையை இறக்கி வைக்கவில்லை.

புதுச் சட்டை ஓ139க்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் ஊரை ஏமாற்ற உதவியது. ஊர் உடம்புகள் அந்தச் சட்டையைப் பழகிய பிறகு, மருந்து நிறையப் புழங்குகிற இடத்தில் மருந்தைத் தாங்குகிறவனுக்குத்தான் இடம் என்று ஆகியிருக்கிறது. அந்த இடத்தை உண்டாக்கியது கிருமி இல்லை, நாம்.

இப்போது இங்கே

இன்றைக்குக் காலராவுக்குப் பட்டைச் சோதனை இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி. மலக் கரைசலில் வைத்தால் கால் மணி நேரத்தில் கோடு விழும். அதில் ஓ1க்கு ஒரு கோடு, ஓ139க்கு ஒரு கோடு. ஹைதராபாதில் தயாராகி 2009ல் உரிமம் பெற்ற சான்கால் தடுப்பு மருந்திலும் இரண்டும் இருந்தன. வேகமான சோதனைதான். ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று பட்டை சொல்லாது. அதற்கு இன்றும் கல்ச்சர் போட்டு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். வேறு புதுச் சட்டையோடு ஒன்று வந்தாலும் பட்டைக்குத் தெரியாது. அப்போதும் யாராவது ஒருத்தர் கல்ச்சர் தட்டைப் பார்த்து, ‘என்னப்பா இது’ என்று கேட்டாக வேண்டும்.

கல்ச்சர் யார் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. எங்கள் பக்கம் வயிற்றால் போனால் நடப்பது உங்களுக்கே தெரியும். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் “அண்ணா, லூஸ் மோஷனுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க.” அவர் கத்தரியால் பட்டையிலிருந்து ரெண்டை வெட்டிக் கொடுப்பார். பெரும்பாலும் ஓஃப்ளாக்சசினும் ஓர்னிடசோலும் சேர்ந்தது. ஓஃப்ளாக்சசின் சிப்ரோவின் பங்காளி. மறுநாள் கடலுக்குப் போகணும், ஏலத்துக்கு நிற்கணும், இறால் உரிக்கப் போகணும். நாள் கூலியில் ஓடுகிற வீட்டில் லேபுக்குப் போய் ரெண்டு நாள் காத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மாத்திரை கேட்கிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சாதாரண வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை. காலராவிலேயே உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ்.தான். 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மஹலனாபிஸ் அதை ஊருக்கே காட்டினார். ஆன்டிபயாடிக் வயிற்றுப்போக்கின் அளவையும் நாளையும் குறைக்கும், அவ்வளவுதான். அதையும் எது கேட்கும் என்று தெரிந்து டாக்டர் கொடுக்க வேண்டும்.

எனவே கடைக்குப் போனால் மாத்திரைக்கு முன்னாடி ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேளுங்கள். போவது அரிசித் தண்ணி மாதிரி இருந்தால், ஒரே தெருவில் நாலு பேருக்கு வந்தால், சிறுநீர் நின்றுபோனால், கண் உள்ளே போனால், கடைக்குப் போகவே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னாலேயே மல மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்புறம் அந்தத் தெருவில் என்ன பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது.

காலராக் கிருமி மனிதக் குடலில் மட்டும் வாழ்வதில்லை. கழிமுகத்து உவர்நீரில், கண்ணுக்கு எட்டாத இறால் வகைச் சிற்றுயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, மனிதர் இல்லாமலே காலம் தள்ளும். ரீட்டா கோல்வெல் இதை வங்கதேசத்தில் பல வருஷம் ஆராய்ந்தார். பழைய சேலைத் துணியை நாலாக மடித்துத் தண்ணியை வடிகட்டினால் அந்தச் சிற்றுயிர்கள் துணியில் தங்கிவிடும், காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று 2003ல் அவர் குழு காட்டியது. எண்ணூர்க் கழிமுகம் எங்களுக்குப் பக்கத்தில். கடல் இருக்கும் வரை கிருமியும் இருக்கும். அதைத் துடைத்து ஒழிக்க முடியாது. வரும்போது அடையாளம் தெரிய வேண்டும், அப்போது கையில் வேலை செய்கிற மருந்தும் மிச்சம் இருக்க வேண்டும்.

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் திரவத்தைப் பற்றி இங்கே இரண்டு வரிதான் எழுத முடிந்தது. கடல் உப்பை வைத்துக் காலராவைப் பிடித்த கதை தனியாக எழுத வேண்டியது. அடுத்த குறிப்பு அதுதான்.